மூன்று தீவிபத்துகளும் ஒரு ட்ரிப் காயிலும்

2010 மார்ச் 28 மாலை, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஹார்ட்ஸ்வில் ஊருக்கு அருகிலுள்ள ராபின்சன் அணுமின் நிலையத்தில் 4 கிலோவோல்ட் கேபிள் ஒன்று பழுதானது. கேபிள் பழுதாவது அன்றாட நிகழ்ச்சி. அதற்காகத்தான் பிரேக்கர் இருக்கிறது. அன்று அந்தப் பிரேக்கர் திறக்கவில்லை. திறப்பதற்கு வேண்டிய கட்டுப்பாட்டு மின்சாரம் அதற்கு வந்து சேரவில்லை. பழுது நீடித்தது, தீப்பிடித்தது. பஸ்ஸின் மின்னழுத்தம் சரிந்து உலைக்குளிர்ப்புப் பம்பு ஒன்றின் மோட்டார் வேகமிழந்தது. உலை தானாக நின்றது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, நிலைமையைச் சீராக்கும் முயற்சியில் ஜெனரேட்டரின் லாக்கவுட் ரிலேவை மீட்டமைத்தார்கள். அதே பழுதுக்குள் மின்சாரம் மறுபடி பாய்ந்தது. இரண்டாவது தீ.

உயர் அழுத்த மோட்டார்களையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் பேனல்களையும் பற்றி நம் துறை சேர்த்துவைத்திருக்கும் அறிவை எடைபோட இந்த ஒரு மாலை நேரம் போதுமான உரைகல். எதைக் கணக்கிட்டோம், எதைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம் என்ற இரண்டும் இதில் தெரிகின்றன. கணக்கிட்டவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

தொடக்க முறைகளைப் பற்றிய எழுத்து அளவில் பெரியது, முறைமையில் சுத்தமானது. 210 மெகாவாட் அனல் அலகொன்றின் கொதிகலன் நீரேற்று மோட்டாரை எடுத்துக்கொள்வோம்: 4000 கிலோவாட், 6.6 கிலோவோல்ட். முழுச்சுமை மின்னோட்டம் ஏறக்குறைய 400 ஆம்பியர். நேரடியாகப் போட்டால் ஆறு மடங்கு, அதாவது 2400 ஆம்பியர். ஏறத்தாழ 27 எம்.வி.ஏ. 10 விழுக்காடு மின்மறுப்புள்ள 15 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இதைத் தாங்கும்போது பஸ் மின்னழுத்தம் சுமார் 15 விழுக்காடு இறங்கும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், மோட்டாருக்குக் கிடைப்பது முழு விசையில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பம்பு ஏறிவிடும்; பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் தாக்குப்பிடிக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் இன்று எந்த ஆலையும் கட்டப்படுவதில்லை. துறையின் நிறைவான சாதனை இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குறை தொடங்குவது அடுத்த படியில். மின்னழுத்த இறக்கத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் 'மென்மையான தொடக்கம்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஆட்டோ டிரான்ஸ்பார்மர், ரியாக்டர், தைரிஸ்டர் சாப்ட் ஸ்டார்ட்டர் எல்லாம் இந்த வரிசையில் வரும். மென்மை யாருக்கு என்று விற்பனைத் தாள் சொல்வதில்லை. மின்தொகுப்புக்கு மென்மை, உண்மை. கியருக்கும் இணைப்பிக்கும் மென்மை, பெருமளவு உண்மை. மோட்டாரின் ரோட்டாருக்கு? சுமையில்லாத ஒரு பொருளைப் பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏற்றும்போது ரோட்டாரில் எரியும் வெப்பம், அந்தப் பொருள் இறுதியில் பெறும் சுழற்சி ஆற்றலுக்குச் சமம். மின்னழுத்தம் எவ்வளவு என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லவே இல்லை. சுமையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: மின்னழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க, வேகம் ஏற்றுவதற்கு மிஞ்சும் விசை சுருங்குகிறது, நேரம் நீள்கிறது, ரோட்டார் வெப்பம் கூடுகிறது.

ஓர் எண்ணைச் சொன்னால் இது உறைக்கும். 5000 கிலோகிராம் சதுரமீட்டர் நிலைமம் கொண்ட ஒரு காற்றாடி நிமிடத்துக்கு 740 சுற்று வேகத்தை எட்டும்போது அதில் 15 மெகாஜூல் சேர்ந்திருக்கும். அதே 15 மெகாஜூல் ரோட்டார் கம்பிகளிலும் எரிந்திருக்கும். 50 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. சில நொடிகளில், தப்பிக்க வழியில்லாத செம்புக்குள் இறங்குகிறது. குளிர்நிலையில் அடுத்தடுத்து இரண்டு தொடக்கம், சூடாக இருக்கையில் ஒன்று என்ற பரவலான விதிக்கு அடிப்படை இதுதான். சாப்ட் ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டதால் அந்த விதி தளர்ந்துவிட்டதாக நினைக்கும் பொறியாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். விதி தளரவில்லை, பல இடங்களில் இறுகியிருக்கிறது.

இந்த அளவுகோலில் வைத்தால் மதிப்பு உயரும் பழைய முறை ஒன்று உண்டு. சிமென்ட் ஆலைகளின் அரவை மோட்டார்களில் இன்றும் காணப்படும் ஸ்லிப் ரிங் மோட்டாரும் திரவ மின்தடையும். மொத்த வெப்பம் அதே அளவுதான், ஆனால் அதன் பெரும்பங்கு ரோட்டாருக்கு வெளியே, கரைசல் தொட்டிக்குள் போய்விடுகிறது. பிரஷ் தேயும், கார்பன் தூள் படியும், தொட்டி நீரின் அடர்த்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பராமரிப்புக் கணக்கில் தோற்கும் இந்த முறை, வெப்பத்தை எங்கே எரிப்பது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. புதிய தலைமுறையில் அந்தப் பதிலைச் சொல்வது வி.எஃப்.டி. மட்டுமே: அலைவெண்ணையும் சேர்த்து ஏற்றுவதால் நழுவல் குறைவாகவே இருந்து, ரோட்டார் வெப்பமும் தொடக்க மின்னோட்டமும் ஒருங்கே கட்டுப்படுகின்றன. விலையும் இடமும் ஹார்மோனிக் வடிகட்டியும் அதன் குறைகள். வேகக் கட்டுப்பாடு ஆண்டு முழுதும் பணத்தை மீட்டுத்தரும் இடத்தில் அது சிறந்தது. ஆண்டுக்குப் பத்துமுறை தொடங்குவதற்காக மட்டும் வாங்கினால் ஆடம்பரம்.

ஆக, வலுவான மின்வழங்கல் உள்ள இடத்தில் நேரடித் தொடக்கமே மிக நேர்மையான முறை. அதன் தீமைகள் ஒளிந்திருப்பதில்லை, கணக்கில் தெரிந்துவிடுகின்றன. இதைப் பழைமைவாதம் என்று தள்ளுவோர், நடுவில் புகுத்தும் ஒவ்வொரு கருவியும் தீப்பிடிக்கக்கூடிய இன்னொரு பேனல் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு ரிலேக்களைப் பற்றிய மதிப்பீடு கலப்பானது. எண்முறை ரிலே வந்தபின் வெப்ப மாதிரி, எதிர்வரிசை மின்னோட்டம், தொடக்க எண்ணிக்கைத் தடை எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. ஆனால் பெரிய நிலைமமுள்ள ஐ.டி. ஃபேன் மோட்டார் ஒன்று ஏற 20 நொடி எடுத்துக்கொள்ள, சூடான நிலையில் ரோட்டார் பூட்டிக்கொண்டு தாங்கும் நேரம் 12 நொடிதான் என்றால், ரிலே என்ன செய்யும்? மோட்டார் சுழல்கிறதா, சிக்கி நிற்கிறதா என்று மின்னோட்டத்தை மட்டும் பார்த்து அதனால் சொல்ல முடியாது. தொடக்கத்தின் பெரும்பகுதிவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. தண்டின் முனையில் ஒரு சிறிய வேக சுவிட்ச் வைத்தால் தீர்ந்தது. டெண்டரில் அது இருக்கும். தளத்தில் அதன் ஒயர் கழன்று கிடக்கும், ரிலேயின் அந்த உள்ளீட்டை யாரோ 'தற்காலிகமாக' ஷார்ட் செய்திருப்பார். தற்காலிகம் என்ற சொல்லுக்கு நம் ஆலைகளில் உள்ள ஆயுளை எந்த ஐ.எஸ். நெறியும் வரையறுக்கவில்லை.

கன்டாக்டரா பிரேக்கரா என்ற பழைய விவாதத்தில் என் சாய்வை மறைக்க வேண்டியதில்லை. வாக்குவம் கன்டாக்டரும் எச்.ஆர்.சி. பியூஸும் சேர்ந்த அமைப்பு, அதன் எல்லைக்குள் வரும் மோட்டார்களுக்கு, பேனல் தீயைத் தடுப்பதில் பிரேக்கரை மிஞ்சும். பெரும் குறுக்குச்சுற்றில் பியூஸ் அரைச்சுழற்சிக்குள் மின்னோட்டத்தை உச்சம் தொடவிடாமலே அறுக்கிறது. அதற்கு டிசி வேண்டாம், ரிலே வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். சிறு பழுதுகளில் அது மந்தமானது என்பதும், ஒரு கட்டத்தின் பியூஸ் மட்டும் போனால் அதன் ஸ்ட்ரைக்கர் ஊசி கன்டாக்டரை மூன்று கட்டத்திலும் திறந்தாக வேண்டும் என்பதும் அதன் குறைகள். அந்த ஊசியின் இணைப்பைச் சோதிக்காதவர்களுக்கு அந்த அமைப்பால் பயனில்லை.

வாக்குவம் தொழில்நுட்பம் தீயைக் குறைத்தது, ஐயமில்லை. எண்ணெய் பிரேக்கர் நிரம்பிய பழைய சுவிட்ச் அறைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதற்கும் ஒரு நிழல் உண்டு. தொடங்கிக்கொண்டிருக்கும் மோட்டாரை, இன்னும் வேகம் பிடிக்காத நிலையில், நடுவில் ட்ரிப் செய்தால் வாக்குவம் மின்னோட்டத்தை அறுத்து, மறுபடி பற்றி, மறுபடி அறுக்கும். ஒவ்வொரு பற்றலும் செங்குத்தான மின்னழுத்த அலையை மோட்டாரின் முதல் சுருள்களுக்கு அனுப்பும். தொடக்க மின்னோட்டம் 600 ஆம்பியருக்குக் கீழே இருக்கும் மோட்டார்களுக்கு அலையடக்கி வை என்பது தயாரிப்பாளர் கையேடுகளில் காணும் விதி. விதி சரி. அதைப் படிப்பது பெரும்பாலும் சுருள் எரிந்த பிறகு என்பதுதான் சங்கடம்.

இனி பேனல். இங்கேதான் துறையின் தற்பெருமையும் அதன் குருட்டுப்புள்ளியும் ஒன்றாக நிற்கின்றன.

உள்மின்வில் தாங்கும் சுவிட்ச்கியர் என்ற கருத்து ஐ.இ.சி. 60298 நெறியின் பின்னிணைப்பில் தொடங்கியது. எந்தெந்த அளவுகோல் பொருந்தும் என்பது அன்று விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். 2003-இல் வந்த ஐ.இ.சி. 62271-200 அந்தப் பேரத்தை ஒழித்தது. ஐந்து அளவுகோல்களும் கட்டாயம்: கதவு திறக்கக் கூடாது, கனமான சிதறல் பறக்கக் கூடாது, 2 மீட்டர் உயரம்வரை சுவரில் ஓட்டை விழக் கூடாது, சூடான வாயு வெளியே தொங்கவிட்ட துணியைப் பற்றவைக்கக் கூடாது, எர்த் இணைப்பு அறுந்துபோகக் கூடாது. பணியாளர் மட்டும் நுழையும் அறைக்கு 30 சென்டிமீட்டர் தொலைவில் கனத்த பருத்தித் துணி, பொதுமக்கள் நெருங்கும் இடத்துக்கு 10 சென்டிமீட்டரில் மெல்லிய துணி. ஒரு மனிதனின் சட்டையை அளவுகருவியாக ஆக்கிய இந்த யோசனையின் நேர்த்தியை நான் எப்போதும் வியக்கிறேன். நெறிநூல் எழுத்தில் இவ்வளவு தெளிவாகத் தன் நோக்கத்தைக் காட்டும் பகுதி அபூர்வம்.

ஆனால் அதன் நோக்கம் என்ன என்பதைக் கவனியுங்கள். முன்னால் நிற்கும் மனிதன் எரியக் கூடாது. பேனல் பிழைக்க வேண்டும் என்றோ, கேபிள் அறைக்குத் தீ இறங்கக் கூடாது என்றோ, பக்கத்துப் பேனல் மறுநாள் ஓட வேண்டும் என்றோ அந்த ஐந்தில் எதுவும் கேட்கவில்லை. கதவு மூடியிருக்கும்போது மட்டுமே அந்தச் சான்றிதழ் செல்லும். ட்ராலியைக் கதவு திறந்த நிலையில் கையால் ராக்கிங் செய்யும் தொழிலாளிக்கு, உயிராபத்து மிகுந்த அந்த அரை நிமிடத்தில், சான்றிதழ் எதுவும் சொல்வதற்கில்லை. ஆகவே 'நாங்கள் உள்மின்வில் சோதனை பெற்ற பேனல் வாங்கியிருக்கிறோம், தீ பற்றிய கவலை இல்லை' என்னும் வாதம் நெறியைப் படிக்காதவர் வாதம். நெறியின் மீது குறை சொல்ல இடமில்லை. அதை வாசிக்கும் முறையில்தான் பிழை.

தீயின் அளவைத் தீர்மானிப்பது நேரம். மின்வில்லின் ஒளியையும் மின்னோட்ட உயர்வையும் சேர்த்துப் பார்க்கும் ரிலே சில மில்லி நொடிகளில் கட்டளை தருகிறது. பிரேக்கர் திறக்க இன்னும் 60 மில்லி நொடி. மொத்தம் 70 என்று வைத்துக்கொள்வோம். அதே பழுதை ஒரு நொடிக்குப் பிந்திய மேல்நிலைப் பாதுகாப்பு அறுத்தால் உள்ளே எரியும் ஆற்றல் ஏறக்குறைய 14 மடங்கு. தகடு கரியாவதற்கும் சுவிட்ச் அறையே போவதற்கும் உள்ள இடைவெளி இந்த 14-இல் அடங்கும். ஒளியுணர் ரிலேக்குச் செலவிடும் பணம், கனத்த உறைக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகம் சாதிக்கிறது என்பது என் மதிப்பீடு. ஒரு நிபந்தனையோடு: கட்டளை போய்ச் சேரும் பிரேக்கர் திறக்க வேண்டும்.

மறுபடி ராபின்சனுக்கு வந்துவிட்டோம்.

பிரேக்கரைத் திறக்கும் ஆற்றல் ஒரு சின்ன ட்ரிப் காயிலில் இருக்கிறது. அதற்கு வேண்டியது 110 அல்லது 220 வோல்ட் டிசி, இரண்டு ஒயர், ஒரு துணைத் தொடர்பு, ஒரு பியூஸ். கோடிக்கணக்கில் விலையுள்ள மோட்டார், டிரான்ஸ்பார்மர், பேனல் மூன்றும் தங்கள் உயிரை இந்த ஒற்றைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கின்றன. தொடக்க மின்னழுத்தத்தை இரண்டு தசம இடம்வரை கணக்கிடும் வடிவமைப்பு அறிக்கைகளில், இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்ற பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 220 கிலோவோல்ட் யார்டில் பிரேக்கர் திறக்காவிட்டால் அண்டை பிரேக்கர்களைத் திறக்கும் எல்.பி.பி. பாதுகாப்பு இல்லாமல் வடிவமைக்கும் துணிவு யாருக்கும் இல்லை. 6.6 கிலோவோல்ட் போர்டுக்கு வந்ததும் அந்தத் துணிவு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டுக்குச் செலவைத் தவிர வேறு விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை; எண்முறை ரிலேயில் அந்த வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது செலவு என்ற விளக்கமும் நிற்காது.

ட்ரிப் சுற்று நலமாக இருக்கிறது என்று காட்டும் விளக்கு பேனல் முகப்பில் இருக்கும். நான் பார்த்த ஓர் ஆலையில் ஒரு முழு வரிசைப் பேனல்களில் அந்த விளக்குகளில் பாதி எரியவில்லை. கேட்டதற்கு 'பல்பு போயிருக்கும் சார், ஸ்டோரில் இல்லை' என்றார்கள். பல்பு போனதா, டிசி போனதா என்று பிரித்தறிய முடியாத ஒரு விளக்கு எச்சரிக்கைக் கருவி ஆகாது. பிரேக்கர் மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் காயிலின் தொடர்ச்சியைக் கவனித்து, அறுந்தால் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடிக்கும் மேற்பார்வை ரிலே வேண்டும். தனித்தனி பேட்டரியிலிருந்து வரும் இரண்டு டிசி, இரண்டு காயில் வேண்டும். புதுமை எதுவும் இதில் இல்லை. அதனால்தான் கருத்தரங்குகளில் இதற்கு மேடை கிடைப்பதில்லை.

தலைப்பில் சொன்ன மற்ற இரண்டு தீவிபத்துகளும் இதே வாசிப்பை வலுப்படுத்துகின்றன, வேறு வேறு கோணங்களில். 2001 பிப்ரவரி 3 அன்று கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே நிலையத்தில் 4.16 கிலோவோல்ட் பிரேக்கர் ஒன்று மின்வழங்கல் மாற்றத்தின்போது பழுதாகித் தீப்பிடித்தது. தீயணைப்பு அணி தண்ணீர் அடிக்கக் கேட்டது. மின்பேனலில் தண்ணீரா என்ற தயக்கத்தில் நேரம் போனது. உலர் பொருள்களால் அடங்காத தீ கடைசியில் தண்ணீருக்கே அடங்கியது. ஆனால் பெரிய நஷ்டம் பேனலில் நேரவில்லை. மின்சாரம் போன நேரத்தில் ஓட வேண்டிய டிசி அவசர எண்ணெய்ப் பம்பும் ட்ரிப் ஆனதால், டர்பைன் எண்ணெயின்றிச் சுழன்று சேதமடைந்தது. ராபின்சனில் டிசி வராததால் பிரேக்கர் திறக்கவில்லை. இங்கே டிசி இருந்தும் பம்பு ஓடவில்லை. கடைசி நம்பிக்கை என்று டிசி பக்கத்தில் எழுதிவைப்பவற்றை நாம் எவ்வளவு அரிதாகச் சோதிக்கிறோம் என்பதன் இரண்டு சான்றுகள்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஒனகாவா முதல் அலகில் டர்பைன் கட்டடத்தின் கீழ்த்தளத்து உயர் அழுத்தப் பேனல் எரிந்தது. தொங்கும் அமைப்புடைய பழைய வகைப் பிரேக்கர் ஆடி, தொடுமுனைகள் சுற்றியிருந்த பாகங்களில் உரசி, மின்வில் பிறந்தது. புகை அடர்ந்ததால் நெருங்க முடியவில்லை. பிற்பகல் தொடங்கியது இரவு 11 மணியை ஒட்டித்தான் அணைந்ததாக உறுதியானது. ஃபுகுஷிமாவின் நிழலில் இந்தத் தீயை உலகம் மறந்தது. ஜப்பானிய ஒழுங்குமுறையாளர்கள் மறக்கவில்லை. 2017-இல் மின்வில் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் கடமையை விதிகளில் சேர்த்தார்கள். ஒரு விபத்திலிருந்து சரியான பாடத்தை எடுத்த நேர்மைக்காக இதைப் பாராட்டுகிறேன். பேனலின் வலிமையை மட்டும் பார்க்காமல், எரியும் நேரத்தைப் பிடித்தார்கள்.

மூன்றிலும் ராபின்சனையே முதலிடத்தில் வைக்கிறேன், அதன் இரண்டாம் தீக்காக. முதல் தீ கருவியின் தோல்வி. இரண்டாவது, நம் மின்நிலையங்களில் அன்றாடம் ஒலிக்கும் ஒரு வாக்கியத்தின் தோல்வி: 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.' மோட்டார் ட்ரிப் ஆனால் ரிலேயில் கொடி விழுந்ததா, எந்தக் கொடி என்று பார்ப்பதற்கு முன்பே இந்த வாக்கியம் வந்துவிடும். உற்பத்தி நிற்கிறது, மேலதிகாரி போனில் இருக்கிறார், கொடியை மீட்டமைத்தால் பிரேக்கர் பிடித்துக்கொள்ளும் போலத் தெரிகிறது. மிகைச்சுமை ட்ரிப்புக்குப் பிறகு போட்டுப் பார்ப்பதில் வெப்பம் தணியும்வரை காத்திருந்தால் குற்றமில்லை. உடனடி மிகைமின்னோட்டமோ வேறுபாட்டு ரிலேயோ எர்த் ஃபால்ட்டோ வேலை செய்தபின் போட்டுப் பார்ப்பது, தெரிந்தே பழுதுக்குள் மின்சாரம் செலுத்துவது. இந்த வேறுபாட்டை எழுத்தில் வைக்காத இயக்கக் கையேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குறையுடையது.

ஆகவே தீர்ப்பு: தொடக்க முறைகளில் நம் அறிவு முதிர்ந்தது, விற்பனைச் சொற்களால் சற்றே களங்கப்பட்டது. பேனல் உறையின் நெறி சிறந்தது, அதன் எல்லை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மின்வில்லைக் கண்டறியும் கருவி இந்தத் தலைமுறையின் உண்மையான சாதனை. இந்த மூன்றும் நம்பியிருக்கும் டிசி, ட்ரிப் காயில், அதைச் சோதிக்கும் பழக்கம் ஆகியவற்றில் நாம் இன்னும் தேர்ச்சி மதிப்பெண் பெறவில்லை. அடுத்த டெண்டர் உங்கள் மேசைக்கு வரும்போது, தொடக்க ஆய்வு அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு டிசி வரைபடத்தை முதலில் விரியுங்கள். பிரேக்கர் திறக்காவிட்டால் அடுத்து எது திறக்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ராபின்சனில் முதல் தீக்கும் இரண்டாம் தீக்கும் நடுவே இருந்தது ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரு கேபிளைக் கழற்றி மெக்கர் வைத்துப் பார்க்க அதில் ஒரு மணி போதும்.